செஞ்சிக் கோட்டையின் ராணி சர்மிளாதேவி

செஞ்சிக் கோட்டையை சர்மிளாதேவி என்று ஒரு ராணி ஆண்டதாக எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் ஒரு நாள் காலை, கல்யாண மகாலுக்கு முன்னால் உள்ள புல்தரையில், பள்ளிக்கூடமே கேட்க, மைக்கில் அப்படி ஒருத்தி ஆண்டாள். அந்தப் பெயர் என்னுடையது. சொன்னவன் என் அண்ணன். சொல்ல வைத்த புண்ணியவதியும் நான்தான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு, அண்ணன் ஏழாம் வகுப்பு, ஒரே பள்ளிக்கூடம். நைனாவுக்குத் திண்டிவனம் ரோட்டில் பஞ்சர் கடை. கடைக்குப் பின்னால் பழைய டயர்கள் குவிந்து கிடக்கும். தினமும் காலையில் அந்த டயர்களின் மேல் உட்கார்ந்து, அன்றைக்கு வகுப்பில் வரப்போகும் பாடத்தை நான் அண்ணனுக்கு வாசித்துக் காட்டுவேன். ஏனென்றால் அண்ணனுக்கு வாசிக்க வராது.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை கேட்டால் பாதிப் பாடம், இரண்டாம் தடவை கேட்டால் முழுப் பாடமும் அவனுக்கு மனப்பாடம். எழுத்தைக் கண்டால் மட்டும் ஆகாது. "ஒன்னுமே ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுடி" என்பான். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இந்தப் பக்கம் எந்த வார்த்தையில முடியுது?" என்று மட்டும் மறக்காமல் கேட்பான். வகுப்பில் சரியான இடத்தில் தாளைப் புரட்ட வேண்டுமே! விரலை வரிக்கு வரி நகர்த்தி, நிறுத்தி, குரலை ஏற்றி இறக்கி அவன் ஒப்பிப்பதைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. பரீட்சைத் தாளில் மட்டும் கோழி கிளறியதுபோல ஏதோ இருக்கும். வாய் வேகத்துக்குக் கை வரவில்லை என்று வாத்தியார்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

இந்தத் திருட்டுத்தனத்துக்குக் காரணம் உண்டு. நான்காம் வகுப்பில் வாசிக்கத் திணறியவனை அப்போதிருந்த டீச்சர் ஒரு வாரம் ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார். தினமும் அந்தப் பொடிசுகள், "அண்ணா, நீ இன்னாத்துக்கு இங்க வந்துகினு கீற?" என்று கேட்டிருக்கின்றன. வீட்டில் அவன் மூச்சுவிடவில்லை. எனக்கு மட்டும் சொன்னான். "மறுபடி அங்க உக்கார வெச்சா நான் இஸ்கூலுக்கே போ மாட்டேன்" என்றான். மறு வருஷம்தான் டயர் குவியல் ஏற்பாடு தொடங்கியது.

இரண்டு வருஷத்தில் அண்ணன் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நன்றாக வாசிக்கிறவன் என்று பெயர் வாங்கிவிட்டான். அங்கேதான் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. எனக்குச் சின்னக் குரல், வகுப்பில் எழுந்து வாசித்தால் முன் பெஞ்சுக்கே கேட்காது. "உங்க அண்ணனப் பார்த்துக் கத்துக்கோ" என்று எங்கள் டீச்சர் நாலு பேர் முன்னால் சொன்ன அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கத்துக்கொடுக்கிறதே நான்தான் டீச்சர் என்று கத்தலாம்போல இருந்தது. கத்தவும் குரல் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோட்டையில் பள்ளிக்கூட விழா வந்தது. தமிழய்யா கோட்டையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி, மைக்கில் வாசிக்க அண்ணனைத் தேர்ந்தெடுத்தார். அம்மா அவனுக்குப் புதுச் சட்டை எடுத்தாள். பொங்கலுக்குக்கூடக் கடையை மூடாத நைனா, அன்றைக்கு அரை நாள் மூடுவதாகச் சொன்னார். எனக்கு ஒரு ரிப்பன்கூட இல்லை.

விழா நாள் காலையில் டயர்மேல் உட்கார்ந்து, கடைசித் தடவையாக வாசித்தேன். தமிழய்யா எழுதியிருந்தது, "இம்மண்டபத்தில் அரச குடும்பத்துப் பெண்டிர் வசித்தனர்" என்று. நான் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "இம்மண்டபத்தில் பட்டத்து ராணி சர்மிளாதேவி வசித்தார். அய்யா இத மாத்திட்டாரு, பாத்துக்கோ" என்றேன். அண்ணன் கண்ணைத் திறந்து என்னை ஒரு தடவை பார்த்தான். "சரி, இன்னொரு வாட்டி படி" என்றான். படித்தேன்.

பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ஒன்றியத்து அதிகாரி ஒருவர் மாலையோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் தாளைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். அகழி வந்தது, யானைக்குளம் வந்தது, களஞ்சியம் வந்தது. பிறகு கல்யாண மகாலும் பட்டத்து ராணி சர்மிளாதேவியும் வந்தார்கள். எங்கள் வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்து "ஓ...!" என்று கத்தியது. அதிகாரியே சிரித்துவிட்டார். எனக்கா, தலைகால் புரியாத சந்தோஷம்.

தமிழய்யாவும் சிரித்துக்கொண்டேதான் மேடை ஏறினார். "நான் எழுதாத ராணி எங்கடா இருந்து வந்தா? அந்த வரியக் காட்டு" என்றார். அண்ணன் ஒரு வரியில் விரல் வைத்தான். அய்யா குனிந்து பார்த்தார். "இது களஞ்சியம்டா. சரி, இதையே படி." அண்ணன் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினான், மறுபடி பழைய வரிக்கே கொண்டுவந்தான். அய்யா அவன் விரலைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "போதும்டா தம்பி, எறங்கு" என்று அவர் சொன்னது முன் வரிசைக்கு மட்டும்தான் கேட்டது.

விழா முடிந்ததும் தமிழய்யா நைனாவைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். வீட்டில் நைனா பெல்ட்டைக் கழற்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அப்ப ரெண்டு வருஷமா நீ படிச்சதுலாம் பொய்யா? யாரு சொல்லிக் குடுத்தது?" என்று மட்டும் கேட்டார். "யாருமில்ல நைனா, காதுல வுழுந்தத வெச்சி சமாளிச்சேன். அந்தப் பேரும் நானாதான் சேத்தேன்" என்றான் அண்ணன். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, அப்பாடா என்று மூச்சுவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அண்ணன் பயந்தது நடக்கவில்லை. அடுத்த வாரமே தமிழய்யா ஒரு சிறப்பாசிரியையை வரவழைத்தார். ஸ்கூட்டியில் வந்த அந்த மேடம் நேராகப் பஞ்சர் கடைக்கே வந்துவிட்டார். "உங்க பையனுக்கு அறிவெல்லாம் நெறைய இருக்குதுங்க. எழுத்துதான் புடிபட மாட்டேங்குது. டிஸ்லெக்சியான்னு பேரு" என்றார்.

"கண்ணாடி போட்டா செரியாயிடுங்களா மேடம்?"

"கண்ணு நல்லா இருக்குதுங்க."

"அப்ப டானிக் எதுனா?"

மேடம் சிரிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி சன்னல் வெட்டிக் கொடுத்தார். எழுத்தை மணலில் விரலால் எழுதி எழுதிப் பழக்கினார். ல, ள, ழ மூன்றிலும்தான் வண்டி நின்றுபோனது. எங்கள் ஊர் வாயில் மூன்றும் ஒன்றுதானே! காதை வைத்தே பிழைத்தவனுக்குக் காது கைவிட்ட இடம் அது. ஒரு நாள் நைனா, பழைய டியூபைக் கத்தரித்து மூன்று எழுத்தையும் உள்ளங்கை அகலத்துக்குச் செய்து கொண்டுவந்தார். கண்ணை மூடித் தடவித் தடவி அண்ணன் அவற்றைப் பிரித்துப் பழகினான். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே வாசிக்கும் வேலையை மேடம் எனக்குக் கொடுத்தார். ஓர் எழுத்தையும் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் அவனுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது, அவன் சொல்லச் சொல்ல எழுத ஒருவரும் கிடைத்தார். பாலிடெக்னிக் முடித்து, இப்போது கார் கம்பெனியில் வேலை. இன்றைக்கும் மெதுவாகத்தான் வாசிப்பான்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, அண்ணியிடம் அந்த ராணி கதையைச் சொல்லி அவனே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து, "நான் வேணும்னேதாண்ணா சேத்தேன்" என்றேன்.

"தெரியுமே."

"எப்ப தெரியும்?"

"நீ படிக்கறப்பவே. ராணிக்குப் போய் எவனாவது சர்மிளான்னு பேரு வெப்பானா?"

"அப்புறம் இன்னாத்துக்கு மைக்குல சொன்ன?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். "ஒருவேள அய்யா நெஜமாவே மாத்தியிருந்தா? எனக்கு எப்டித் தெரியும், படிச்சா பாக்க முடியும்? பொய் சொல்றியான்னு உன்னக் கேக்கலாம். கேட்டா நீ கோச்சிக்கினு நாளையிலேருந்து படிச்சிக் காட்ட மாட்டேன்னுட்டா? மறுபடி ஒன்னாங்கிளாசுதான்."

வீட்டில் என்னை ஒரு ஆளாகவே யாரும் மதிப்பதில்லை என்று அந்த இரண்டு வருஷமும் நான் பொருமிக்கொண்டே இருந்தேன். ஒரு கேள்வி கேட்டால் நான் கோபித்துக்கொள்வேனோ என்று அண்ணன் தினமும் என்னைக் கண்டு பயந்துகொண்டிருந்தது அந்த ராணிக்குத் தெரியவில்லை.