வரப்பு வருஷத்துக்கு எவ்வளவு நகரும்?

போன ஞாயிற்றுக்கிழமை மல்லசமுத்திரத்தில், மொட்டை வெயிலில், ஒரு நைலான் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் காட்டில் குச்சிக்கிழங்குக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் செய்துகொண்டிருந்தது சயின்ஸ்!

என் மனைவிக்கு இரண்டு அண்ணன்கள். ஒரே காடு, பாகம் பிரித்ததில் நடுவே ஒரு வரப்பு. உழவு ஓட்டும்போதெல்லாம் அடுத்தவர் அதைச் செதுக்கி நம் நிலத்தைச் சாப்பிடுகிறார் என்று இருவருமே சொல்கிறார்கள். விளைவு? வருஷக்கணக்காகப் பேச்சு கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம்தான். "அந்த மனுசன்கிட்டச் சொல்லிப் போடுங்க மாப்ளே!" அந்த மனுசன் பக்கத்திலேயேதான் நிற்பார்...

சின்ன மச்சான் மகள் நிவேதாவுக்குத் தை மாதம் கல்யாணம். பெரியப்பா தோளில் வளர்ந்த பெண். "பெரியப்பா வராட்டி எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாங்க மாமா" என்று போனில் அழுதாள்.

நிவேதா ஜியாலஜிஸ்ட். லடாக் பக்கம் பூமியில் ஒரு நீளமான விரிசல் இருக்கிறதாம். இந்தப் பக்கத்துத் தரையும் அந்தப் பக்கத்துத் தரையும் உரசிக்கொண்டு எதிரெதிராக நகர்கின்றன. நேராக ஓடிய ஓடை அங்கே உடைந்து, மறுபாதி தள்ளிப் போய் நிற்கும். எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளப்பாள். ஓடைக்கரைக் கல் எத்தனை ஆயிரம் வருஷமாக வெளியே காய்கிறது என்று லேபில் கண்டுபிடிப்பாள். தூரத்தை வயசால் வகுத்தால் — வருஷத்துக்கு இத்தனை மில்லிமீட்டர். நகம் வளர்வதைவிட மெதுவு. இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள்!

லீவில் வந்தவள் வரப்பையும் அளப்பது என்று இறங்கிவிட்டாள்.

"போன வருசம் மட்டும் ஒரு சாண் செதுக்கிப் போட்டாங்க" என்றார் சின்ன மச்சான்.

"ஒரு வருசத்தை வெச்செல்லாம் சொல்ல முடியாதுங்கப்பா. பூமியே நூறு வருசம் சும்மா கெடந்துட்டு, ஒரே நாள்ல குதிச்சுப் போடும். நெடுங்காலக் கணக்குத்தான் கணக்கு" என்றாள் நிவேதா.

காட்டின் இரண்டு கோடியிலும் பாகம் பிரித்தபோது நட்ட எல்லைக்கற்கள் அப்படியே இருந்தன. அவற்றுக்கு நடுவே கயிற்றை இழுத்துக் கட்டினோம். பெரிய மச்சான் ஏதோ வேலை இருப்பதுபோல வந்து நின்றார். நிவேதா கயிற்றுக்கும் வரப்புக்கும் இடைவெளியை அளந்துகொண்டே போனாள். பாதி வழியில் நின்றாள். சிரித்தாள்.

வரப்பு பாம்பு மாதிரி வளைந்திருந்தது! கிழக்குப் பாதி தம்பி காட்டுக்குள்ளே; மேற்குப் பாதி அண்ணன் காட்டுக்குள்ளே. அண்ணன் வீடு கிழக்கே, தம்பி வீடு மேற்கே; அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் அவரவர் மண்வெட்டி அடுத்தவர் காட்டுக்குள் நீண்டிருக்கிறது.

"ரெண்டையும் கூட்டிக் கழிச்சா இத்தனை வருசத்துல நகர்ந்தது சைபருங்க" என்று அறிவித்தாள்.

பெற்றவரையும் வளர்த்தவரையும் ஒரே மூச்சில் திருடர்களாக்கிவிட்டாளே! இனி எங்கே கல்யாணம்... எங்கே பெரியப்பா...

பெரிய மச்சான் கயிற்றைப் பார்த்தார். வரப்பைப் பார்த்தார். பிறகு நேராகத் தம்பியைப் பார்த்தார்.

"ஏன்டா, புள்ளைக்கு அளக்கவே தெரியலையே?"

"ஆமாங்ண்ணா. கயிறு தொய்யுதுங்ண்ணா."

"நைலான் கயித்துல போயி அளப்பாங்களாடா? வெயிலுக்கு நீளுமல்ல?"

"நானும் அதையேதானுங்ண்ணா நெனச்சேன்!"

என்னை இருவருமே மறந்துவிட்டார்கள். வேலை போன தபால்காரனாக நான் நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

பெரிய மச்சான் நிவேதாவின் தலையைத் தடவினார். "கல்யாணப் பந்தலுக்கு நான் வந்து அளந்து கால் நடறேன் சாமி. நீ அளந்தா பந்தல் கோணிப் போயிரும்."

"ஆமாங்க பெரியப்பா, தப்பாத்தான் அளந்து போட்டேன்" என்றாள் நிவேதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தன் அளவு தப்பு என்று ஒரு சயின்டிஸ்ட் இவ்வளவு ஆனந்தமாகப் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை!