மடக்குக் கதவும் அம்மாவின் கட்டிலும்

எங்கள் அம்மாவை நினைத்து இன்று வில்லியனூருக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் மகளின் வணக்கம்.

அம்மா பாகூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா இளவயதிலேயே தவறிவிட, கரும்புக் கொல்லையைத் தனி ஆளாகப் பார்த்து அண்ணனையும் என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். எங்கள்மேல் கை ஓங்கியதில்லை. ஓங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணனுக்கும் தம்பிக்கும் கல்யாணமானதும் இருவரும் மாடி வைத்த எங்கள் பழைய மெத்தை வீட்டின் நடுவே சுவர் எழுப்ப வேண்டும் என்றார்கள். அம்மா ஒப்பவில்லை. இருட்டடைந்து கிடந்த அறைகளை இடித்து ஒரே கூடமாக்கி, குறுக்கே மடக்குக் கதவு வைக்கச் சொன்னார். மற்ற நாளில் இரண்டு குடித்தனம், பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் ஒரே வீடு. "தாப்பா மட்டும் வெக்காதப்பா" என்று ஆசாரியிடம் அவர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

பிறகு மாடிப்படி யாருக்கு என்பதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு முற்றி, கதவின் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் ஏறியது. மாதம் மாற்றி மாதம் அம்மாவுக்கு ஆளுக்கொரு பக்கம் சோறு போட்டார்கள். அந்தப் பக்கத்துப் பேரனைப் பார்க்க அம்மா தெருவில் இறங்கிச் சுற்றிப் போனார். தான் ஆசைப்பட்டு மாற்றிக் கட்டிய வீட்டில் அவர் விருந்தாளி ஆனார். இதையெல்லாம் இந்த நினைவு மலரில் எழுத வேண்டாம் என்றார் அண்ணன். எழுதுகிறேன்.

இடுப்பெலும்பு முறிந்து அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, "எந்தப் பக்கம்மா படுத்துக்கற?" என்று தம்பி கேட்டான்.

"கதவத் தொறந்து நடுவுல கட்டிலப் போடுடா."

"அப்பறம் கதவ எப்டிமா மூடறது?"

"அதுக்குத்தான்டா போடச் சொல்றேன்."

கடைசி மூச்சுவரை அங்கேதான் படுத்திருந்தார். அந்த மாதங்களில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கட்டிலுக்கடியில் புகுந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடி விளையாடின. அம்மா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கருமாதி முடிந்த அன்று மாலையே கட்டில் வாசலுக்கு வந்தது. இரண்டு தாழ்ப்பாளும் விழுந்தன. இன்று முதலாண்டுப் படையலும் இரண்டு பக்கமும் தனித்தனியாகத்தான் நடக்கிறது. எந்தப் பக்கம் சாப்பிட்டாலும் உங்கள் கைக்கு வருவது இந்த ஒரே மலர்தான்.

அம்மாவுக்கு முகம் சுளிக்காமல் உடம்பு துடைத்துவிட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்து தூக்கி உட்காரவைத்த தெருப் பிள்ளைகளுக்கும் நன்றி. அண்ணனுக்கும் தம்பிக்கும் நன்றி. அம்மா படுத்திருந்தவரை கதவை மூடவில்லை. அந்தக் கட்டில் மூலக்குளத்தில் என் வீட்டில் இருக்கிறது. இருவரும் சேர்ந்து வந்து கேட்டால் எடுத்துவந்து அதே இடத்தில் போடுகிறேன்.