சுகந்தி அக்காவின் கோப்பி ருசியாக இருந்ததாம்

சுகந்தி அக்கா போய்விட்டார். இன்று விடிய, வெள்ளவத்தையில், மகளின் வீட்டில்.

அழுதுகொண்டுதான் பேஸ்புக்கைத் திறந்தேன். திறந்த பிறகு அழுகை நின்றுவிட்டது... இப்போது கோபம் மட்டும்தான்.

எங்கள் பழைய மனேஜர் ஒரு போஸ்ட் போட்டிருக்கிறார். "அவ கையால போட்ட வெறும் கோப்பியின்ர ருசி இண்டைக்கும் நாக்கில நிக்குது" என்று. கீழே பழைய ஒஃபிஸ் ஆட்கள் வரிசையாக... "உண்மை சேர்", "மறக்கேலாத கோப்பி", அழுகிற முகங்கள்.

கோப்பியாம்!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் கொழும்பு கொச்சிக்கடையில் ஒரு ஷிப்பிங் கம்பனியில் எனக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் டொக்குமெண்ட்ஸ் பார்த்தவர். ஒருகொடவத்தை சுங்க யார்ட்டில் நின்று மூன்று பாஷையிலும் சண்டை பிடித்து கன்டெய்னரை வெளியே எடுத்துவிட்டுத்தான் திரும்புவார்.

அதைப் பற்றி அங்கே ஒரு கொமென்ட் கூட இல்லை.

மனேஜர் பெல் அடித்தால் கையில் இருக்கிற பைலை மூடிவிட்டு அக்கா எழும்ப வேண்டும். தண்ணீர் கொதிக்க வைத்து, துணியில் வடித்து, எல்லோருக்கும் கோப்பி கொடுத்து, பிறகு எல்லோருடைய கப்பையும் கழுவ வேண்டும்.

அந்த வேலைக்கா அவரை எடுத்தார்கள்? சேர்ந்த புதிதில் யாரோ கேட்டார்கள், பாவம் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு தலையில் கட்டிவிட்டார்கள்.

ஒரு நாள் அக்கா மத்தியானம்தான் வந்தார். முதல் நாள் இரவு வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு. யாழ்ப்பாணத்து அடையாள அட்டை என்பதால் பொலிஸுக்கு ஏற்றிக்கொண்டு போய், விடிந்த பிறகும் வாங்கில் இருத்தி வைத்திருந்திருக்கிறார்கள்.

விட்டதும் தங்கியிருந்த அறைக்குக் கூடப் போகாமல் நேரே ஒஃபிஸுக்கு வந்தார். கசங்கின சேலை, சீவாத தலை.

மனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவரும் யாழ்ப்பாணம்தான்... என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு விளங்காமல் இல்லை.

"ஆ, சுகந்தி, வந்திட்டீரோ? நல்லதாப் போச்சு. விடியத் தொடக்கம் ஒருத்தரும் ஒரு கோப்பி காணேல்லை."



அக்கா போட்டுக் கொடுத்தார். கப்புகளைக் கழுவி வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "சனிக்கிழமை என்னோட ஒரு கடைக்கு வாறியா? மெஷின் ஒண்டு வாங்கோணும்."

காலி வீதியில் ஒரு கரண்ட் சாமான் கடை. கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார், பால் நுரைக்கிற குழாயெல்லாம் பூட்டினது.

"பால் வேண்டாம், வெறும் கோப்பிதான். இந்தக் குழாயை ஆர் கழுவுறது?"

"நீங்கதான் மிஸ்."

"அப்ப வேண்டாம்."

அடுத்ததற்கு ஒவ்வொரு தரமும் பேப்பர் ஃபில்டர் மாற்ற வேண்டும். "ஆர் மாத்திறது?" என்று அக்கா கேட்டார். கடைக்காரர் அதைத் திரும்ப உள்ளே வைத்தார்.

மூன்றாவதில் டைமர் இருந்தது. நேரத்தை வைத்துவிட்டால் தானாகவே கோப்பி போடுமாம்.

"நேரம் வச்சு வேலை செய்யிற சாமானோட என்னைச் செக்பொயின்ற்றுக்கு அனுப்பப் போறீங்களோ? இப்பதான் விட்டவங்கள்!"

கடைசியில் ஒரு மூலையிலிருந்து சின்னதாக ஒன்று வந்தது. தண்ணீர், தூள், ஒரே ஒரு சுவிட்ச். உள்ளே கம்பி வலை, குழாயில் பிடித்தால் போதும்.

"சின்னப் பிள்ளையும் போடும் மிஸ்."

"சின்னப் பிள்ளையை விடுங்கோ. எங்கட மனேஜர் போடுவாரோ?"

சொந்தக் காசில் வாங்கினார். அன்றைக்கே ஒஃபிஸில் வைக்க பஸ் ஏறினோம். கோட்டை செக்பொயின்ற்றில் எல்லோரையும் இறக்கினார்கள்.

"மே மொகத்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டபடி ஆமிக்காரன் பெட்டியைப் பிரித்தான். "கோப்பி மெஷின் எகக், மல்லி. டைமர் நே" என்றார் அக்கா, கோப்பி மெஷின்தான் தம்பி, டைமர் இல்லை என்று. அவன் ஒவ்வொன்றாக எடுத்து றோட்டில் பரப்பினான். அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார்.

திங்கட்கிழமை மெஷினை நடுமேசையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். "ஆருக்கு வேணுமோ அவை போட்டுக் குடிக்கலாம். குடிச்ச கப்பை அவையே கழுவோணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மனேஜரும்தான்.

கொஞ்ச நேரத்தில் பெல் அடித்தது.

"சுகந்தி, அந்த மெஷினை ஒருக்காப் போட்டு விடும்."

அக்கா எழும்பினார். மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய மேசையில், அவருடைய பைல்களுக்கு மேலேயே வைத்து, பிளக்கைச் செருகினார். "சுவிட்ச் இதுதான் சேர்." திரும்பி வந்து தன் வேலையைப் பார்த்தார்.



மனேஜர் அந்தச் சுவிட்சைத் தொடவே இல்லை. பிளேன் டீக்கு மாறினார்... அதை என்னிடம் கேட்டார். நானும் போடவில்லை.

அந்த வருஷம் அக்காவுக்கு வர வேண்டிய புரமோஷன் வேறு ஆளுக்குப் போனது. 'அட்டிட்டியூட் சரியில்லை'யாம். அக்கா மெஷினைத் தூக்கிக்கொண்டு வேறு கம்பனிக்குப் போய்விட்டார்.

அந்த மனுஷன்தான் இன்றைக்கு நாக்கில் ருசி நிற்கிறது என்று எழுதுகிறார். நிற்கட்டும்.

பிறகு அந்த மெஷின் பழுதாகிவிட்டது. கடைசிவரை அதே மாதிரி ஒரு சுவிட்ச் மெஷினைத்தான் தேடித் தேடி வாங்குவார். இப்போது உள்ளதை மகள் வீட்டு ஹோலில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

நாளை செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் யாரிடமும் கோப்பி கேட்காதீர்கள். எழும்பிப் போய்ச் சுவிட்சைப் போட்டுக் குடியுங்கள், கப்பைக் கழுவி வையுங்கள். சேர், நீங்களும்தான்.

அக்கா... நீங்கள் படுங்கோ. பெல் அடிச்சாலும் எழும்பாதீங்கோ.