மேடையில் மட்டும் திருந்துகிற மரியசூசை

சமயநல்லூரில் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிற மரியசூசை வருடத்துக்கு ஒரு தடவை திருந்துவான். கிறிஸ்துமஸ் சாயங்காலம், மாதா கோயில் மைதானத்தில், சனம் பார்க்க.

நாடகம் பழைய வெள்ளைக்காரன் கதை. யாருக்கும் எதுவும் ஈயாத கிழவனைப் பேய்கள் வந்து உலுக்க, விடிந்ததும் மனம் மாறிவிடுவான். எங்கள் ஆட்கள் அதை ஊருக்குத் தக்கபடி வெட்டித் தைத்துவிட்டார்கள். கோட்டு போய் வேட்டி வந்தது. வான்கோழி போய் வெள்ளாட்டுக் கிடா வந்தது. கடைசியில் கிழவனாக வரும் மரியசூசை தங்கச்சி மகளாக நடிக்கிற பெண்ணுக்குத் தாய்மாமனாக மாலை போட்டு அழுவான். அந்த அழுகையைப் பார்க்கவே வாடிப்பட்டியிலிருந்து ஆள் வரும்.

சொந்தத் தங்கச்சி செல்லத்தாய் வில்லாபுரத்தில் இருக்கிறாள். அவள் மகள் தமிழ்வாணிக்குக் காது குத்தியபோது இந்த மாமன் வரவில்லை. பிள்ளை பெரியப்பன் மடியில் உட்கார்ந்து கத்தியது. சடங்குக்கும் வரவில்லை. இப்போது தையில் கல்யாணம். மாமன் மாலை விழாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வாய் சும்மா இருக்காது. செல்லத்தாய் அவன் கடைக்கே போய்க் கேட்டாள்.

"தைக்கு வந்துருண்ணே. சீரு வேணாம், வெறுங்கையோட வா."

"நாடகம் கெடக்கு. அழுறதுக்கே ஒத்திகை பாக்கணும். தைப் பேச்சை இப்ப எடுக்காத."

உட்காரச் சொல்லவில்லை. கடை நிறைய நாற்காலி.

அவளும் விடவில்லை. நாடகத்தன்று மகளோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். கடைசிக் காட்சியில் மரியசூசை காகித மாலையை ஏந்திக்கொண்டு, "மருமகளே, இம்புட்டு நாளும் கண்ணில்லாமக் கெடந்தேனே!" என்று தேம்பினான். நடிக்கிற பெண் வருவதற்குள் செல்லத்தாய் தன் மகளை மேடையேற்றிவிட்டாள்.

"இந்தாண்ணே, உன் மருமக. போடு. தைக்கும் வந்து போடுவேன்னு சனத்துக்கு முன்னால சொல்லு."

தமிழ்வாணி குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான். சட்டையில் மைக் இருந்ததால் ஊரே கேட்டது.

"எறங்குடி கீழ. சீரு கேக்க வேற எடம் கெடைக்கலையா?"

அவன் கன்னத்தில் நாடகக் கண்ணீர் இன்னும் காயவில்லை.

பேயாக நடித்த பேச்சிமுத்து, முகத்தில் மாவோடு, திரைக்குப் பின்னாலிருந்து வந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், செல்லத்தாயின் சின்னம்மா மகன். கூடப்பிறந்தவன் இருக்கையில் நமக்கென்ன என்று இத்தனை நாளும் ஒதுங்கி நின்றவன். மாலையை மரியசூசை கையிலிருந்து பிடுங்கித் தமிழ்வாணி கழுத்தில் போட்டான்.

"நானும் ஒனக்கு மாமந்தேன் ஆத்தா. தைக்கு நான் வாரேன். எனக்கு அழுக மட்டும் வராது, பாத்துக்க."

சனம் எழுந்து கைதட்டியது, விசிலடித்தது. மரியசூசை கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நாலு பக்கமும் கும்பிட்டான். எதற்குத் தட்டுகிறார்கள் என்றுகூட அந்தப் பயலுக்கு விளங்கவில்லை.

தையில் பேச்சிமுத்துதான் மாலை போட்டான். மரியசூசை அடுத்த வருட நாடகத்துக்குத் தாடி வளர்த்துக்கொண்டிருந்தான்.