இரண்டாவது கியர்

என் மனைவிக்கு வாரத்தில் இரண்டு தடவை இரத்தச் சுத்திகரிப்பு. பல்லேகலயிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு எங்கள் பழைய காரில் நான்தான் கூட்டிப்போவேன். கொஞ்ச நாளாக கியர் தடி தளர்ந்து ஆடியது. இரண்டாவது கியர் என்று நினைத்துப் போட்டால் நான்காவது விழும். தென்னகும்புர பாலத்தைத் தாண்டிய மேட்டில் மூன்று தடவை கார் நின்றுவிட்டது.

திகனயில் கராஜ் வைத்திருப்பவர் தடியை ஆட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"சேர், இது கியர் தடியா, புரியாணி கிண்டுற அகப்பையா?"

தடியை ஆடாமல் பிடித்துவைக்க அதன் அடியில் இருந்த நைலோன் வளையங்கள், புஷ் நான்கும், தேய்ந்து உடைந்திருந்தன. புதியவற்றை மாட்டியதும் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டிக் காட்டினார். ஒவ்வொரு கியரும் அதனதன் இடத்தில் விழுந்தது.

"இனி கண்ண மூடிட்டுப் போடலாம் சேர்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகையில் அதே மேட்டில் கார் மறுபடி நின்றது. பின்னாலிருந்து ஏழு வாகனங்கள் ஹோர்ன் அடித்தன.

"புஷ் சரியில்ல" என்றேன்.

"அவரு ஓட்டுறப்ப சரியாத்தானே இருந்திச்சு?" என்றாள் மனைவி.

தடி நான்காவதில் கிடந்தது. சீனி வியாதியில் மரத்துப்போன என் விரல்களுக்கு அது தெரியவில்லை. கண்ணால் பார்த்து இரண்டாவதைப் போட்டு, ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரி வாசலை அடைந்தேன்.

இறங்கும்போது அவள் கதவைப் பிடித்தபடி சொன்னாள்: "ஏங்க, திரும்பிப் போக ஆட்டோ ஒன்னு பேசி வைங்க. இனிமே அதுலயே வருவோம்."