வெள்ளைக் குதிரைக்கு வந்த வரி

எங்கள் சந்தில் முதன்முதலாக வருமான வரி வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். காகிதத்தில் என் அப்பாவின், அதாவது நைனாவின், பேர் இருந்தது என்னவோ உண்மை. ஆனால் சந்தில் யாரைக் கேட்டாலும், வரி வந்தது ராணிக்கு என்றுதான் சொல்வார்கள். ராணி எங்கள் குதிரை. உடம்பெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும், நெற்றியில் மட்டும் ஒரு சாம்பல் பொட்டு. அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்வதில்லை.

மயிலாப்பூர் குளத்துக்கு மேற்கே இருந்தது அந்தச் சந்து. நைனா ஜட்கா ஓட்டினார். வண்டி ஒன்று, குதிரை இரண்டு. கறுப்பன் என்கிற கிழட்டுக் குதிரைதான் தினமும் வண்டி இழுக்கும். ராணிக்கு வேறு சம்பாத்தியம். ராயப்பேட்டையில் பாய் வீட்டுக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அவள் முதுகில்தான் ஊர்வலம் போவார். பாண்டு வாத்தியம் காதில் விழுந்ததும் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள். பார்க்கிறவர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவளைப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் அடுத்த கல்யாணத்துக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ராணியால் இன்னொரு வரும்படியும் இருந்தது. குதிரைச் சாணத்தை லத்தி என்போம். அடையாற்றுப் பங்களாத் தோட்டக்காரர்கள் கூடை கூடையாக வந்து வாங்கிப் போவார்கள். ரோஜாச் செடிக்கு அதைப் போல உரம் கிடையாதாம். லத்தி அள்ளுவது அம்மாவின் வேலை, அதனால் அந்தக் காசு அம்மாவுடையது. இது எங்கள் வீட்டுச் சட்டம். நைனா அதைக் காசாகவே நினைத்ததில்லை. கூடை வாசலைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார், அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது டாக்கி, அதாவது பேசும் படம், வந்தது. அடையாற்றில் ஒரு பெரிய தோட்டத்தில் படம் பிடித்தார்கள். ராஜா ஏறுவதற்கு வெள்ளைக் குதிரை வேண்டுமென்று எங்கள் சந்தைத் தேடி வந்து, கை நிறையக் கூலி பேசி ராணியைக் கூட்டிப் போனார்கள். ராஜா வேஷம் போட்டவருக்குக் குதிரை ஏறத் தெரியாதாம். தூரத்தில் குதிரை ஓடுகிற இடத்திலெல்லாம் கிரீடம் வைத்துக்கொண்டு ஓட்டியது தாம்தான் என்று நைனா சொல்வார். அம்மா நம்பவில்லை. படம் வந்ததும் சந்தே திரண்டு கொட்டகைக்குப் போனோம். ராஜா தூணுக்கு இந்தப் பக்கம் நின்று பாடினார், பாடினார், பாடிக்கொண்டே இருந்தார். ராணி தூணுக்கு அந்தப் பக்கம். வால் மட்டும் தெரிந்தது. அந்த வால் ஒரு தடவை ஆடியது. எங்கள் சந்து முழுக்கக் கை தட்டியது. மற்ற ஜனங்கள் பாட்டுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து, தாங்களும் சேர்ந்து தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் வினையாயிற்று. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சைதாப்பேட்டைக் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. டாக்கியில் வந்தது எங்க மச்சான் குதிரை, துட்டு கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்று கோர்ட் வாசல் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர்தான். பிறகு இன்கம்டாக்ஸ் ஆபீஸ் காகிதம் வந்தபோது அதைப் படித்துச் சொன்னவரும் அவர்தான்.

"ஒரு வருஷத்துல எவ்ளோ வந்துச்சுன்னு சொல்லணுமாம் மச்சான். ஒரு அளவுக்கு மேல போனா வரி. கீழ இருந்தா ஒண்ணும் இல்ல. ஆள் வந்து விசாரிப்பாங்களாம்."

"எவ்ளோ வந்துச்சுன்னு எனக்கு இன்னா தெரியும்? கையில வர்றது குதிரக் கொள்ளுக்கே பூடுது" என்றார் நைனா.

"வண்டித் துட்டு மட்டும் சொன்னா அளவுக்குள்ள நிக்கும். கல்யாணத் துட்டு, டாக்கித் துட்டு எல்லாம் சேந்துச்சோ, மாட்டிக்கினே. சேராம நான் பாத்துக்கறேன்."

"சேந்துச்சுன்னா?"

"கட்டணும்."

நைனா ராணியைப் பார்த்தார். "இவள வித்துத்தான் கட்டணும்" என்றார்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ராயப்பேட்டையில் கல்யாணக் குதிரை வாடகைக்கு விடுகிற ஒருவர் ராணிமேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு தடவை வந்து, சும்மா பார்க்கிற மாதிரி பல்லைப் பார்த்துவிட்டுப் போவார்.

இங்கே டீச்சரம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறந்துபோவேன். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்டு, புதுசு புதுசாக வீடு எழும்பிய காலம் அது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மாவுக்கு வேலை. தினமும் காலையில் எங்கள் வண்டியில்தான் போவார். நைனா கறுப்பனைப் பூட்டி முடிக்கிறவரைக்கும் அம்மாவோடு பேசிக்கொண்டு நிற்பார். அவர் குடைக்குக் கிளிமூக்குக் கைப்பிடி. எனக்குக் கண்ணெல்லாம் அதன்மேல்தான். அதனால் அவர்கள் பேசினது பாதிதான் காதில் விழும்.

ஒருநாள் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தது. பொம்மனாட்டிகளுக்கும் ஓட்டு உண்டு என்று டீச்சரம்மா சொன்னார்.

"எனக்கும் உண்டா?" என்றாள் அம்மா.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும்டி."

"அது தெரியாதவளுக்கு?"

"ஆம்படையான் வருமான வரி கட்டிண்டிருந்தா, அவன் பொண்டாட்டிக்கும் உண்டு. மனு மட்டும் போட்டுக்கணும்."

அம்மா கறுப்பனின் கடிவாளத்தைப் பிடித்தபடியே நின்றாள். "உடுமே, நேரமாவுது" என்று நைனா இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விட்டாள். நான் அந்த நேரத்தில் கிளிமூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

விசாரணைக்கு ஆள் வருகிற நாளும் வந்தது. விடிந்ததும் மாமா சைதாப்பேட்டையிலிருந்து வந்து, அடுப்புக்கரியை இடித்து விளக்கெண்ணெயில் குழைத்தார். நானும் அவரும் ராணியின் உடம்பு முழுக்கப் பூசினோம். என்ன குதூகலம் எனக்கு. மை தொட்டு எழுதப் பள்ளிக்கூடம் பக்கமே போகாத எனக்கு, கையைக் கறுப்பாக்கிக்கொள்ள அன்றைக்குத்தான் வாய்த்தது. பூசி முடித்ததும் ராணி, மழையில் நனைந்த கரிமூட்டை மாதிரி ஆகிவிட்டாள். கண்ணாடி பார்த்திருந்தால் மாமாவை உதைத்திருப்பாள். டாக்கிக்குப் போன வெள்ளைக் குதிரை இரவல், அது எப்போதோ போய்விட்டது என்று சொல்வதாக ஏற்பாடு. அம்மா அடுப்படியிலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். ஆம்பளைகள் காரியத்தில் அவள் என்றைக்குமே தலையிடுகிறவள் இல்லை.

கோட்டும் தலைப்பாகையுமாக இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். ஒல்லியான, தன்மையான மனிதர். பெஞ்சில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். தாம் வக்கீல் குமாஸ்தா என்று மாமா முந்திக்கொண்டு சொல்லிவிட்டதால், கேள்வி நைனாவுக்கு, பதில் மாமாவிடமிருந்து.

"டாக்கியிலே வந்த வெள்ளைக் குதிரை?"

"அது இரவல் சார். கூலியும் அவுங்களுக்குத்தான். போயிடுச்சு."

"கல்யாண ஊர்வலத்துக்கு அனுப்பறது உண்டா?"

மாமா ராணியைக் காட்டினார். "இந்த மூஞ்சி மேல எந்த மாப்ள சார் ஏறுவான்?"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். வண்டி வரும்படியை மட்டும் எழுதிக்கொண்டு, பேனாவை மூடினார். "அளவுக்குள்ளேதான் இருக்கு. வரி வராது" என்றார். நைனா அன்றைக்குத்தான் மூச்சே விட்டார். நான் ராணியைப் பார்த்துக் கண்ணடித்தேன். இன்ஸ்பெக்டர் எழுந்து சைக்கிளைத் திருப்பினார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. வெளி ஆம்பளைகள் வந்தால் அம்மா பேச மாட்டாள். வளையல் சத்தம்கூட வராது.

"சாமி, டாக்கித் துட்டு எழுதல. கல்யாணத் துட்டும் எழுதல. அந்த வெள்ளக் குதிர இதான்."

மாமாதான் முதலில் தேறினார். "அக்காவுக்கு நாலு நாளா ஜுரம் சார். எதுனா சொல்லிக்கினே கீது."

"ஜுரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. லத்தி விக்கிற துட்டு என்னுது. அதையும் எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொட்டடிக்குப் போனார். ராணியின் கழுத்தில் அன்பாகத் தட்டினார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதைத் துடைத்துக்கொண்டே மாமாவிடம், "வக்கீல் குமாஸ்தான்னு சொன்னீங்க இல்லே? எந்த வக்கீல்?" என்று கேட்டார். மாமாவுக்கு அப்போதுதான் சைதாப்பேட்டையில் அவசர வேலை ஞாபகம் வந்தது.

"ஏம்மா, வரி வரும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் சாமி. ரசீது யார் பேர்ல வரும்?"

"உங்க வீட்டுக்காரர் பேர்லே."

"அது போதும்."

அம்மா வாய் தவறி உளறிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அன்று பூரா அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நைனா அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எது சொல்வதானாலும் ராணியைப் பார்த்துத்தான் சொல்வார்.

"ராணி, கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லு."

"ராணி, உப்பு பக்கத்துலயே கீதுன்னு சொல்லு" என்பாள் அம்மா.

ராணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். கரி வேறு போகவே மாட்டேன் என்றது. அரப்பு போட்டுத் தேய்த்தும், ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் வெள்ளைக் கால்சட்டை நாசமாகி, நைனா நல்ல வசவு வாங்கிக்கொண்டு வந்தார்.

கடைசியில் இவ்வளவு கட்டு என்று காகிதம் வந்தது. எப்படித் தெரிந்ததோ, மறுநாளே ராயப்பேட்டைக்காரர் வந்துவிட்டார். இந்தத் தடவை கையில் புதுக் கயிறும் கொண்டுவந்திருந்தார். நான் ராணியின் முன்னங்காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று கிடந்தேன். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அம்மா உள்ளே போனாள். கொள்ளுப் பானைக்கு அடியிலிருந்து ஒரு பழைய துணி மூட்டையைக் கொண்டுவந்து நைனா முன்னால் வைத்தாள். நைனா அவிழ்த்தார். உள்ளே ஒரு முடிச்சு, அதற்குள் இன்னொரு முடிச்சு, எல்லாவற்றிலும் லத்தி விற்ற காசு. நைனா அதையும் ராணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அத்தனை நாளுக்கப்புறம், நேராக அம்மாவைப் பார்த்துப் பேசினார்.

"இம்மாம் லத்தியா போட்டா இவ?"

"நீங்கதான் மூக்கப் புடிச்சிக்கினு இருந்தீங்களே. எப்புடித் தெரியும்?"

ராயப்பேட்டைக்காரர் கயிறைச் சுருட்டிக்கொண்டு போனார். நைனா போய் வரி கட்டிவிட்டு வந்தார். ரசீதை அம்மா வடபழனி முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். ஒருநாள் டீச்சரம்மா ஏதோ மனு என்று ஒரு தாளும் மையும் கொண்டுவந்து அம்மாவிடம் கைநாட்டு வாங்கிப் போனார். எனக்கும் ஒன்று என்று அழுது, நானும் சுவரில் ஒன்று வைத்தேன்.

ரொம்ப நாள் கழித்து, ஒரு காலையில் நைனா ராணியைக் குளிப்பாட்டி வண்டியில் பூட்டினார். அம்மா கூறைப்புடவை கட்டிக்கொண்டாள். தேர்தலுக்கு நிற்கிறவர்கள் அனுப்பிய மோட்டார் கார் சந்து முனையில் நின்றது. "எங்க வண்டி கீது" என்று சொல்லிவிட்டாள். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வாசலில் பெண்களுக்கென்று தனி வரிசை. பட்டுப்புடவை மாமிகள், டீச்சரம்மா, இரண்டு டாக்டரம்மா, எல்லாரும் படித்தவர்கள். நடுவில் எங்கள் அம்மா. உள்ளேயிருந்து ஒருவர் அம்மாவின் பேரை உரக்கப் படித்தார். அந்தப் பேரை அதற்கு முன்னால் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நைனாவுக்கு அவள் "இன்னாமே", மாமாவுக்கு அக்கா, எனக்கு அம்மா. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாதான் போனாள்.

உள்ளே திரை கட்டி, அதற்குப் பின்னால் கட்சிக்கு ஒன்றாகக் கலர் கலராகப் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். எழுத்துத் தெரியாவிட்டால் பரவாயில்லை, கலர் தெரிந்தால் போதுமாம். பெட்டி பெட்டியாக வைத்திருந்தால் உள்ளே ஏதாவது இருக்கும் அல்லவா? வளையலோ, மிட்டாயோ, என்ன கொண்டுவரப் போகிறாளோ என்று நான் வண்டியில் நின்றுகொண்டு குதித்தேன்.

அம்மா வெறுங்கையோடு வந்தாள். ஆனால் முகத்தைப் பார்த்தால், உள்ளே இருந்த பெட்டி அத்தனையும் அவளுக்கே கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. ராணியின் நெற்றிப் பொட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

"இன்னாம்மா குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"அவுங்க இன்னா குடுக்கறது? நான்தான் குடுத்துட்டு வந்தேன்."

நைனா சிரித்துக்கொண்டே கடிவாளத்தைச் சுண்டினார். எனக்குத்தான் அழுகை முட்டியது. யாரும் கேட்காமலே வரியை வரவழைத்துக்கொண்டாள். சேர்த்த லத்திக் காசையெல்லாம் தூக்கிக் கொடுத்தாள். இப்போது கூறைப்புடவை கட்டிக்கொண்டு வந்து, இங்கேயும் எதையோ கொடுத்துவிட்டு வருகிறாள். இப்படி ஓர் ஏமாளி அம்மா வேறு யாருக்கு வாய்ப்பாள் என்று, வீடு வந்து சேர்கிற வரைக்கும் ராணியின் முதுகைப் பார்த்து முறையிட்டுக்கொண்டே வந்தேன்.