வெள்ளித் தண்ணீர் வில்பிரட்

கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நடுவில் ஒரு துணி கிளிப்பைச் செருகிவிட்டு, வில்பிரட் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐந்து நாற்பது. தம்ளரில் இருநூறு மில்லி தண்ணீர். அதில் தொங்கும் இரண்டு வெள்ளிக் கம்பிகளும் மூன்று ஒன்பது வோல்ட் பேட்டரிகளோடு இணைந்திருக்கின்றன. குரோம்பேட்டையில் இன்வெர்ட்டர் கடையில் வாங்கிய, காய்ச்சி வடித்த தண்ணீர். கிழக்குத் தாம்பரத்துக் குழாய்த் தண்ணீர் உப்பு. கம்பியை விட்டதுமே வெளுத்துக் கலங்கிவிடும்.

இருபது நிமிடம் கழித்து விளக்கை அணைத்து, தம்ளருக்குள் லேசர் லைட்டை அடிப்பார். வெள்ளி இறங்கியதற்கு அடையாளமாகச் சிவப்புக் கோடு குறுக்கே ஓடினால், "லைன் வந்துடுச்சு" என்பார். முப்பத்து நான்கு ஆண்டுகள் மின்சார ரயில்களைப் பழுது பார்த்தவர். வேறு எப்படிச் சொல்வார்? பிறகு ஜெபம். பிறகு இரண்டு மேசைக்கரண்டி குடிப்பார். கொரோனா சமயத்தில் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துத் தொடங்கியது. அன்றிலிருந்து சளியே பிடிக்கவில்லை என்பார். தும்மலைச் சேர்ப்பதில்லை.

மனைவி ஞானசௌந்தரி ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. ஒரு சொட்டும் தொட்டதில்லை. "எனக்கு மாத்திரை போதும். நீங்க வேணா வெள்ளி டம்ளரா மாறிக்குங்க."

சென்ற வியாழக்கிழமை மீன்காரத் தாயாரம்மாள் வாசலில் கூடையை இறக்கினாள். வில்பிரட் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்தார். அவளோ அவர் கையைப் பார்த்தாள்.

"இன்னா சார், முன்ன சங்கரா மாரி செவசெவன்னு இருந்தே. இப்ப வாளை மாரி கீறே. நகமெல்லாம் நீலம் பூத்துக் கீது."

சிரித்து வைத்தார். மறுநாள் தனியாகப் போய்த் தோல் மருத்துவரிடம் காட்டினார். வெள்ளி உடம்பில் படிந்துவிட்டது, உடனே நிறுத்துங்கள், இந்த நிறம் இனிப் போகாது என்றார் மருத்துவர். வீட்டில் வில்பிரட் மூச்சு விடவில்லை. கரண்டி நின்றது, கம்பிகள் மட்டும் வழக்கம்போலத் தொங்கின.

சௌந்தரியின் கால் பெருவிரலில் சர்க்கரைப் புண். ஒரு மாதமாக ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து அவள் அந்தப் பக்கமே போகவில்லை. இன்று காலை சிவப்புக் கோடு விழுந்த நேரத்தில் வந்து உட்கார்ந்து, கட்டை அவிழ்த்துக் காலை நீட்டினாள்.

"நான் தோத்துட்டேன்னு வச்சுக்குங்க. ஊத்துங்க உங்க தண்ணிய."

இந்த ஒரு சொல்லுக்காக ஐந்து வருடம் காத்திருந்தவர் தம்ளரை எடுத்தார். அதைச் சுற்றியிருந்த தன் விரல்களையே சற்று நேரம் பார்த்தார். தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டினார். கட்டை மறுபடி சுற்றிவிட்டு, அவள் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போகும் சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பைத் தேடி எடுத்துவந்து, காலருகே ஜோடியாக வைத்தார்.